தாளிலிருந்து ஆளுக்கு

பூட்டிக் கிடக்கும் வீட்டை மூன்று வெவ்வேறு நாட்களில், மூன்று வெவ்வேறு நேரங்களில் போய்த் தட்டிப் பார்க்காமல் ‘ஆள் இல்லை’ என்று எழுதக் கூடாது. அது விதி. அந்த அலுவலகத்தில் வீடு வீடாக அலைந்த இருபத்திரண்டு பேருக்கும் அந்த விதி மனப்பாடம். ஆனால் அதன்படி நடந்தவள் ஒருத்திதான். மற்றவர்கள் ஒரு தட்டுத் தட்டுவார்கள், எதிர்வீட்டில் ஒரு வார்த்தை கேட்பார்கள், பிறகு டீக்கடையில் உட்கார்ந்து மீதி இரண்டு தட்டையும் பேனாவாலேயே தட்டி முடித்துவிடுவார்கள். அவள் மட்டும் வெயிலோ மழையோ மூன்றாவது முறையும் படியேறிப் போய் நிற்பாள். அதனால்தான் அவளுக்கு ‘மூணு தட்டு’ என்று பெயர் விழுந்தது. கேலிக்கு வைத்த பெயர்தான். போகப் போக எல்லாரும் அவளை மூணு தட்டு அக்கா என்றார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவர்கள் வேலை, வாக்காளர் பட்டியல் எவ்வளவு சரியாக இருக்கிறது என்று அளப்பது. அரசாங்க வேலை அல்ல. ஓர் ஆய்வு நிறுவனம் ஆறு நாடுகளில் ஒரே நேரத்தில், ஒரே படிவத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்தது. எந்த நாட்டுப் பட்டியலில் எத்தனை ஓட்டை என்று கடைசியில் ஒரு புத்தகம் போடுவார்கள். அளப்பதற்கு வழி இரண்டு. பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொண்டு போய், அந்த ஆள் அந்த விலாசத்தில் இருக்கிறாரா என்று பார்ப்பது ஒன்று. இதைத் ‘தாளிலிருந்து ஆளுக்கு’ என்பார்கள். கண்ணில் பட்ட வீட்டுக்குள் போய், இருப்பவர்களின் பெயரை எழுதிக்கொண்டு வந்து, அது பட்டியலில் இருக்கிறதா என்று தேடுவது மற்றொன்று. இது ‘ஆளிலிருந்து தாளுக்கு’. முதலாவதில் செத்தவர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் அகப்படுவார்கள். இரண்டாவதில் உயிரோடு இருந்தும் கணக்கில் இல்லாதவர்கள் அகப்படுவார்கள்.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். மற்ற நாடுகளிலிருந்து வரும் எண்களை வெள்ளிக்கிழமை தோறும் வாசித்துக் காட்டுவார். ஒரு நாட்டில் வீடு மாறிய பத்தாம் நாளே பட்டியலும் மாறிவிடுமாம். இன்னொரு நாட்டில் செத்தவர்கள் பன்னிரண்டு வருஷம் வரைக்கும் பட்டியலில் குடியிருப்பார்களாம். நம்முடையது நடுவில் எங்கோ தள்ளாடிக்கொண்டிருந்தது. ஒரு தெருவில், போய்ச் சேர்ந்து ஆறு வருஷமான ஒரு பெரியவர் போன தேர்தலில் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனதாகக் குறிப்பு இருந்தது. மேலே இருந்து வந்து போக பஸ் வசதி நன்றாக இருக்கிறது போல என்று சொல்லிச் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பெரியவரின் மகன் வீட்டுக்கு மறுபடியும் போய், நீக்கல் படிவம் என்று ஒன்று இருப்பது தெரியாதா, சொந்தக்காரங்க நீங்க சொல்லாம வேற யார் சொல்லுவாங்க என்று ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் வந்தாள்.

அவள் அப்படித்தான். கணவர் இறந்தபோது மகளுக்கு ஆறு வயது. அழுது முடித்த கையோடு, அந்த மாதமே போய் அவர் பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். இல்லாதவரை இருக்கிறார் என்று தாள் சொல்லக் கூடாது என்பது அவள் கட்சி. தாள் பொய் சொன்னால் அவளுக்குச் சோறு இறங்காது. இது நல்ல குணமா, நோயா என்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் அந்தக் குணம்தான் அவள் வீட்டைக் காலி செய்தது.

மகள் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். இருபத்து நான்கு வயதில், அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னாள். அக்கா கோபப்படவில்லை, சந்தோஷம்தான் பட்டாள். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. கையில் ஊர்ப் பட்டியலே இருக்கும்போது எப்படி இருப்பாள்? அவன் பெயரைத் தேடி விலாசத்தை எடுத்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் படிவம், ஒரு வேலைநாளில் நேராக அந்த வீட்டுக்கே போய்விட்டாள். யார் யார் இருக்கிறீர்கள், வயது என்ன, யாருக்குக் கல்யாணம் ஆயிற்று, வேறு எங்காவது பதிவு உண்டா என்று ஒன்று விடாமல் கேட்டாள். அந்த வீட்டு அம்மா வெள்ளந்தியாக எல்லாவற்றையும் சொல்லி, குடிக்கத் தண்ணீரும் கொடுத்து அனுப்பினாள். வீட்டைப் பற்றி ஒரு குறையும் கிடைக்கவில்லை. அக்காவுக்குத் திருப்தி.

அடுத்த வாரம் மகள் அவனை அழைத்துக்கொண்டு வந்தாள். வாசலிலேயே அவன் நின்றுவிட்டான். எங்கள் வீட்டுக்கு வந்து கணக்கெடுத்தது நீங்கள்தானே என்று மட்டும் கேட்டான். காப்பியைக் குடித்துவிட்டு மரியாதையாகத்தான் போனான். ஆனால் அவன் வீட்டில் அதை மறக்கவில்லை. வேஷம் போட்டுக்கொண்டு வந்து வேவு பார்த்தவள் வீட்டில் சம்பந்தமா என்றார்கள். பத்தே நாளில் எல்லாம் முடிந்துபோயிற்று.

மகள் கத்தவில்லை. “நான் சொன்னது உனக்குப் போதல, இல்லம்மா?” என்றாள். “என்னையும் ஒரு வரியா வெச்சுத்தான் சரிபார்த்திருக்கே.” அதற்குப் பிறகு ஒரு வாரம் ஒரே வீட்டில் இருவரும் ஊமைகளாக நடமாடினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா வேலை முடிந்து வந்தபோது மகளின் அலமாரி காலி. சான்றிதழ்கள் இருந்த உறையும் இல்லை. போன் எண் அன்றே செத்துப்போயிற்று.

மூன்று வருஷம். காவல் நிலையத்தில், உங்கள் மகள் வயது வந்த பெண், சொல்லாமல் போனாலும் தானாகப் போயிருக்கிறாள், நாங்கள் என்ன செய்வது என்று கைவிரித்துவிட்டார்கள். பரிசோதனை நிலையத்தில், கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டாள் என்றார்கள். கூட வேலை பார்த்த பெண்கள் உண்மையிலேயே தெரியாமல் விழித்தார்களா, தெரிந்தே விழித்தார்களா என்று அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அடையாளம் தெரியாத பெண் என்று பேப்பரில் செய்தி வந்தபோது இரண்டு முறை பிணவறை வரைக்கும் போனாள். இரண்டு முறையும் வேறு யாரோ பெற்ற பிள்ளை. நல்லவேளை என்று நினைத்ததற்காக வீட்டுக்கு வந்து அழுதாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று பக்கத்து வீட்டுக்காரி ஆறுதல் சொன்னாள். கல்லானாலும் பரவாயில்லை, எங்காவது உயிரோடு கிடக்கட்டும் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு இருந்த ஒரே நம்பிக்கை ஒரு கடிதம். ஒருவர் புது ஊரில் பட்டியலில் பெயர் சேர்த்தால், பழைய விலாசத்துக்கு ஓர் அறிவிப்பு வரும்: இன்னார் இன்ன இடத்துக்கு மாறிவிட்டார், உங்கள் வீட்டுப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கிறோம். புது விலாசம் அதிலேயே இருக்கும். ஊரில் பாதிப் பேர் அதைப் பிரிக்காமலே குப்பையில் போடுவார்கள். அக்கா அதற்காகத் தவம் கிடந்தாள். ஒவ்வொரு வருஷமும் புதுப் பட்டியல் வந்ததும் முதலில் தன் தெருவைத்தான் திறப்பாள். வரிசை எண் 411 அவள். 412 மகள். 412 இருந்தால், மகள் வேறெங்கும் பதியவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்தால் நெஞ்சு கொஞ்சம் ஆறும், கொஞ்சம் எரியும்.

இந்த வருஷம் தேர்தல் வருஷம். ஒரு திங்கட்கிழமை காலையில் அலுவலகக் கணினிக்குப் புதுப் பட்டியல் வந்தது. அக்கா தன் தெருவைத் திறந்தாள். 411 இருந்தது. அடுத்த வரி 413.

முதலில் தப்பான பக்கத்தைத் திறந்துவிட்டோம் என்று நினைத்தாள். மூடிவிட்டு மறுபடி திறந்தாள். பெயர் எதற்காக எடுக்கப்படும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். நான்கே காரணங்கள்: இடமாற்றம், இரட்டைப் பதிவு, ஆள் காணவில்லை, இறப்பு. அச்சடித்த பட்டியலில் காரணம் இருக்காது. பெயர் இருக்கும் அல்லது இருக்காது, அவ்வளவுதான். இடமாற்றம் என்றால் கடிதம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியானால் மிச்சம் என்ன என்று அவள் மனம் ஓடியது. எங்காவது ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இறப்புத் தகவல் போயிருந்தாலும் இப்படித்தான் சத்தம் போடாமல் பெயரை எடுத்திருப்பார்கள்.

அந்த வழியாகப் போன மேற்பார்வையாளர் திரையை எட்டிப் பார்த்தார். அவருக்கு மகள் விஷயம் தெரியாது, அக்கா யாரிடமும் சொன்னதில்லை. “உங்க தெருவுலயும் ஒண்ணு எடுத்திருக்காங்களா? நல்லதுதானேக்கா, பட்டியல் சுத்தமாகுது” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அன்றைக்கே நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். பதினொரு வருஷத்தில் அவள் கேட்ட முதல் நீண்ட லீவு அது.

அன்று மத்தியானமே வட்டாரத் தேர்தல் அலுவலகத்துக்குப் போனாள். அது ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம். கீழே வரவேற்பு மேஜையில் இருந்த பெண், நீக்கப்பட்டதற்கான காரணம் மேலே ஆவண அறையில் இருக்கிறது என்றாள். கோப்பு சம்பந்தப்பட்டவருக்கும் பெற்றோருக்கும் மட்டும்தான் காட்டப்படும். பெற்றோர் என்பதற்குச் சான்று வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு எல்லாக் கோப்புகளையும் கட்டித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள், தேர்தல் முடிந்து ஐந்து மாதம் கழித்துத்தான் திரும்பி வரும். மகளின் பிறப்புச் சான்றிதழ் மகளோடு போய்விட்டது என்று அக்கா சொன்னாள். அந்தப் பெண் தோளைக் குலுக்கவில்லை, பாவமாகத்தான் பார்த்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்று யோசனை சொன்னாள்.

ஐந்து மாதம் அக்காவால் முடியாது. மூன்று வருஷம் பொறுத்தவள்தான். ஆனால் பதில் இதே கட்டடத்தில் மேலே இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஐந்து நாள் கூடத் தாங்காது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமையாசிரியை பயிற்சிக்குப் போயிருந்தார். புதன்கிழமை போனாள். இருந்தார், ஆனால் பழைய பதிவேடுகள் இருக்கும் அறைச் சாவி வேறொருவரிடம் இருந்தது. வியாழக்கிழமை போனாள். தூசிக்குள்ளிருந்து பதிவேட்டை இறக்கி, மாணவி பெயர், தாயார் பெயர், முத்திரை, கையெழுத்து எல்லாம் வைத்து ஒரு தாள் கொடுத்தார்கள். இன்னாருடைய தாய் இவர்தான் என்று உலகத்தில் யாரோ எழுதிக் கொடுத்தது அக்காவுக்கு அத்தனை ஆறுதலாக இருந்தது. பஸ்ஸில் அதை நான்கு முறை எடுத்துப் படித்தாள்.

வெள்ளிக்கிழமை கீழே வரிசையில் நின்று சீட்டு வாங்கி, மூன்றாவது மாடிக்கு ஏறும்போது மணி மூன்றேகால். ஆவண அறையில் கண்ணாடி போட்ட ஒரு எழுத்தர் சளியோடு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பாதி கோப்புகளைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். அவர் சீட்டில் இருந்த வரிசை எண்ணை மட்டும் பார்த்தார். எதுவும் கேட்காமல் எழுந்துபோய், கட்டாத கோப்புகளில் தேடி, ஒன்றை உருவிக்கொண்டு வந்தார்.

“இடமாற்றம்” என்றார் அவர். “வேற ஊர்ல புதுசாப் பதிஞ்சிருக்காங்க. போன வருஷம்.”

உயிரோடு இருக்கிறாள். ஓர் ஊரில், ஒரு வீட்டில், கதவு எண்ணோடு இருக்கிறாள். எழுத்தர் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலே படித்தார். அறிவிப்பு முறைப்படி அனுப்பப்பட்டிருந்தது. மூன்று நாள் ஆள் வந்திருக்கிறார், மூன்று நாளும் வீடு பூட்டியிருந்ததால் திரும்பிப் போய்விட்டது. தேதிகளையும் வாசித்தார். மூன்றும் வேலைநாட்கள். அந்த நேரத்திலெல்லாம் அக்கா யார் யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பையில் இருந்த பள்ளிக்கூடத்துத் தாளை எடுக்கக் கையை விட்டாள்.

அப்போதுதான் எழுத்தர் மகளின் விண்ணப்ப நகலைத் திருப்பினார். அந்த விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு. தாயோ தந்தையோ உயிரோடு இருந்தால் அவர்களுடைய பதிவு எண்ணைக் கொடுத்து இணைக்க வேண்டும். காலமாகியிருந்தால் தேவையில்லை. தன் விலாசத்தை அம்மாவின் எண்ணோடு கட்டிப்போட விரும்பாத பிள்ளைக்கு அங்கே ஒரே வழிதான் இருந்தது.

“அப்பா காலமானார். அம்மாவும் காலமானார்னு எழுதியிருக்கு” என்றார் எழுத்தர். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “நீங்க யாரு?”

அக்காவின் விரல்கள் பைக்குள் அந்தத் தாளைத் தொட்டபடியே இருந்தன. தலைகீழாக இருந்தாலும் அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரிந்தது. அ எழுதும்போது வால் நீளும், எத்தனை தடவை சொல்லியும் மாற்றிக்கொள்ளாத வால்.

அம்மா உயிரோடு இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். எழுத்தர் பொறுமையாகவே சொன்னார். “உயிரோட இருந்தா இது பொய் வாக்குமூலம்மா. எனக்குத் தெரிஞ்சா நான் எழுதியாகணும். அந்தப் பொண்ணோட பதிவு ரத்தாகும், கேஸும் வரும். இப்ப வேலைக்கு, வாடகைக்கு எல்லாத்துக்கும் இந்தப் பதிவைத்தானே கேக்கறாங்க.” பிறகு விதியையும் சொன்னார்: அம்மா என்றால் விலாசத்தைக் காட்டலாம். மற்ற உறவுக்காரர்களுக்குக் காரணத்தை மட்டும்தான் சொல்லலாம். சொல்லிக்கொண்டே உள்ளங்கையை விலாசத்தின் மேல் வைத்துக்கொண்டார்.

அந்தக் கைக்கு அடியில்தான் எல்லாம் இருந்தது. தெரு, கதவு எண், ஊர். பையில் இருக்கும் தாளை நீட்டினால் போதும், கை விலகிவிடும். மூன்று வருஷமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது இந்த ஒரு விலாசத்துக்காகத்தான். இன்றைக்கே பஸ் ஏறலாம். போய்த் தட்டலாம். அவள் போய்ச் சேருவதற்குப் பின்னாலேயே ரத்து உத்தரவும் போய்ச் சேரும். மறுபடியும் அம்மா வந்து சரிபார்த்துக் கெடுத்துவிட்டாள் என்று மகள் இன்னொரு ஊருக்குப் பெட்டியைத் தூக்குவாள். இந்த முறை எந்தத் தாளிலும் பெயர் வைக்காமல் போவாள்.

“சித்தி” என்றாள் அக்கா. “அவங்க அம்மாவோட தங்கச்சி நான்.”

எழுத்தர் தலையாட்டினார். உங்க அக்கா எப்போது தவறினாங்க என்று கேட்டார்.

“மூணு வருஷம் ஆச்சுங்க. ஒரு செவ்வாய்க்கிழமை.”

அவர் வருத்தமாக நாக்கைத் தட்டிக்கொண்டார். கோப்பை மூடப் போனவர், என்னவோ தோன்றி அச்சடித்த பட்டியலை இழுத்து அந்தத் தெருவைப் பார்த்தார். 411-இல் விரலை வைத்தார். அம்மா பெயர் இன்னும் இங்கே இருக்கிறதே என்றார். மூன்று வருஷமாக இறந்தவர் பெயர் பட்டியலில் கிடந்தால் எப்படி, உங்களை மாதிரிச் சொந்தக்காரங்க வந்து சொன்னால்தானே எங்களுக்குத் தெரியும் என்று லேசாகக் கடிந்துகொண்டார். விண்ணப்பமும் பட்டியலும் பொருந்தாமல் இருந்தால், தலைமை அலுவலகத்தில் யாராவது பார்த்துப் பொண்ணைத்தான் கேள்வி கேட்பார்கள் என்றும் சொன்னார். இறப்புச் சான்றிதழ் கையில் இல்லை என்றாலும் பரவாயில்லை, தேர்தல் முடிந்ததும் வீட்டுக்கு ஆள் வந்து விசாரிப்பார்.

“வீடு பூட்டியிருந்தா?” என்று கேட்டாள் அக்கா.

“மூணு தடவை வந்து பார்ப்பாங்க. ஆள் இல்லேன்னா எடுத்துடுவாங்க. அவ்வளவுதான்.”

இழுப்பறையிலிருந்து ஒரு நீக்கல் படிவத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். அக்கா நின்றபடியே அதை நிரப்பினாள். வரிசை எண் 411. பெயர் என்ற இடத்தில், யாரும் கூப்பிடாமல் போன தன் பெயரை முழுசாக எழுதினாள். காரணம்: இறப்பு. விண்ணப்பிப்பவர் என்ற இடத்தில், தன்னோடு பிறக்காத ஒரு தங்கைக்குப் பெயர் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். எல்லாக் கட்டத்தையும் ஒரு முறை விரலால் தொட்டுச் சரிபார்த்துவிட்டு நீட்டினாள்.

எழுத்தர் மேலிருந்து கீழாகப் படித்தார். ஓர் அடித்தல் இல்லை, ஒரு கட்டம் விடுபடவில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுத்தமாக யாரும் படிவம் நிரப்பித் தந்ததில்லை என்று சொல்லி, அதைக் கோப்பில் வைத்துக் கயிற்றைக் கட்டினார்.